தீவுக்குள் யாரை விடுவது?

ராமேஸ்வரம் டூர் போகிறவர்கள் பாம்பன் பாலத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள். தெற்கே இருக்கிற குருசடைத் தீவு பலர் கண்ணில் படுவதே இல்லை!

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986ல் அறிவிக்கப்பட்டது. ராமேஸ்வரத்தில் இருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். மணல்திட்டு, பவளப்பாறை, கடல்பசு... இதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியது முக்கியக் காரணம். கிரானைட்டுக்கு மலையை அறுப்பதைப் பார்த்த கிருஷ்ணகிரி, ஊத்தங்கரைக்காரர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

அதனால் அனுமதி இல்லாமல் யாரும் தீவில் கால் வைக்கக்கூடாது என்பது சரியான சட்டம்தான். ஆனால் அதே சட்டம், தலைமுறையாக அங்கே முங்கிக் கடல்பாசி எடுத்துப் பிழைத்த பெண்களையும் குற்றவாளி ஆக்கியது. இத்தனைக்கும் அவர்கள் பாசி எடுக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015ல் சீகாலஜி விருது கிடைத்தது.

வட்டியில் சாப்பிடலாம், முதலில் கை வைக்கக்கூடாது. வணிகவியல் படிக்காமலே அந்தப் பெண்களுக்கு இது தெரிந்திருக்கிறது. பவளத்தை வெட்டியவர்கள் தின்றது முதலை. இரண்டு பேரையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம்?

டூரிஸ்ட் வரட்டும், அளவோடு வரட்டும். ஆனால் வேடிக்கை பார்க்க வருபவருக்கு டிக்கெட், வயிற்றுக்காக வருபவருக்கு அபராதம் என்றால் அது பாதுகாப்பு இல்லை. முதல் அனுமதி அந்தப் பெண்களுக்குத்தான் தரவேண்டும்.