கச்சிராயபாளையத்துக்கு மேலே ஒரு சமதளம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன்மலையில் உள்ள வெள்ளிமலைக்குச் செல்லும் பேருந்து, கச்சிராயபாளையத்துக் கரும்புக் கொல்லைகளை விட்டு நீங்கி மலையேறத் தொடங்கிய வேளையில், பக்கத்தில் அமர்ந்திருந்த நண்பர், பொறியியல் கல்லூரியொன்றில் பாடம் சொல்லுகிறவர், "இனி மலையென்றும் சமவெளியென்றும் பேதம் ஏது? இணையத்தில் நடக்கும் நிரல் போட்டிகள் எல்லாரையும் ஒரே சமதளத்தில் நிறுத்திவிட்டன" என்று உற்சாகத்தோடு சொன்னார். இந்த அபிப்பிராயம் அவர் ஒருவருக்கே உரியதன்று. பெற்றோர் கூட்டங்களிலும் கல்லூரி விழா மேடைகளிலும் சித்தாந்தம்போல ஓதப்பட்டு வருவது. அதற்கு நான்கு அங்கங்கள் உண்டு: கைபேசி இருந்தால் எவரும் கலந்துகொள்ளலாம், நடுவர் இயந்திரமாதலால் பக்ஷபாதம் இல்லை, கிடைக்கும் வரிசையெண்ணே திறமையின் அளவு, ஆகவே உபாத்தியாயர் இல்லாவிடினும் திறமையுள்ளவன் தானே மேலே வந்துவிடுவான். நான்கையும் வரிசையாகப் பரிசீலிப்போம்.

முதலாவது, எவரும் கலந்துகொள்ளலாம் என்பது. 2009இல் இந்தியாவில் தொடங்கிய கோட்செஃப் முதலிய தளங்களில் போட்டியிடக் கட்டணம் இல்லை என்பது மெய்யே. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இருவர் ஹேக்கர்ரேங்க் என்னும் தளத்தை உலகறியச் செய்தது நமக்குப் பெருமையே. ஆனால் கட்டணமின்மை வேறு, சௌகரியம் வேறு. பதினோராம் வகுப்புப் பாடநூலில் உள்ள சி++ மொழியில் பத்து வரி எழுத, கைபேசித் திரையில் ஒவ்வொரு நெளிவடைப்புக்குறிக்கும் எழுத்துப் பலகையை இருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பின் பைத்தானிலோ, வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி ஒன்று பிசகினாலும் நிரல் ஓட மறுக்கிறது. பெயர்பெற்ற தளங்களின் போட்டிகள் நம் நாட்டு நேரப்படி பெரும்பாலும் இரவு எட்டு மணியளவில் தொடங்குகின்றன. உண்டு உறைவிடப் பள்ளி விடுதியிலே அது சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடைப்பட்ட நேரம்.

எல்லாவற்றிற்கும் மேலாக, வினா ஆங்கிலத்தில் இருக்கிறது. 1989இல் பல்கேரியாவின் பிராவெட்ஸ் நகரில் தொடங்கிய, பள்ளி மாணவருக்கான நிரல் போட்டியாகிய சர்வதேசத் தகவலியல் ஒலிம்பியாடில், போட்டிக்கு முந்திய இரவு பல நாடுகளின் அணித் தலைவர்கள் கண்விழித்திருந்து வினாக்களைத் தம் மாணவரின் மொழியில் பெயர்த்துத் தருகிறார்கள். ஜப்பானியப் பிள்ளை ஜப்பானிய மொழியிலேயே படித்துச் சிந்திக்கிறான். உலகின் தலைசிறந்த மாணவர்களுக்கே அவசியமென்று கருதப்படும் இந்தச் சலுகை, தமிழ்வழியில் படிக்கும் கல்வராயன்மலைப் பிள்ளைக்கு இல்லாதபோது, அவனுக்குக் கதவு திறந்திருக்கிறது என்பது பாதி உண்மையே.

இரண்டாவது, நடுவரின் நடுநிலை. இதை நான் மறுக்கவில்லை. அந்த இயந்திரம் சாதியோ ஊரோ பள்ளியோ கேட்பதில்லை. ஆனால் அது சொல்லுவது என்ன? ஒரு லட்சம் கடுக்காய் மூட்டைகளின் மொத்த எடை கேட்கப்படுகிறது; ஒவ்வொன்றும் ஒரு லட்சம் அலகுவரை இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். மாணவன் பிழையின்றிக் கூட்டும் நிரலை எழுதி அனுப்புகிறான். "தவறான விடை" என்ற இரண்டே சொற்கள் திரும்பி வருகின்றன. முறை சரி, கணக்கு சரி. நிரலில் கூட்டுத்தொகையை வைக்க அவன் ஒதுக்கிய நினைவகப் பெட்டியோ ஏறத்தாழ 214 கோடிக்கு மேல் கொள்ளாதது. தொகை 1000 கோடியை எட்டும்போது அது நிரம்பி வழிந்து, பொருந்தா எண்ணொன்றை விடையாக நீட்டுகிறது. "பெரிய பெட்டியாகப் போடு தம்பி" என்று ஒருவர் சொன்னால் தீர்ந்துவிடும் இடர், சொல்லுவாரில்லாத இடத்தில் மூன்று இரவுகளைத் தின்றுவிடும். நாலாம் இரவில் அந்தப் பிள்ளை, இது நமக்கு வராது என்று முடிவுகட்டிவிடுவான். சந்தையிலே தராசு முள் நியாயமாகத்தான் நிற்கிறது. மூட்டையைச் சுமந்துவந்த தூரத்தை எந்தத் தராசும் காட்டுவதில்லை.

மூன்றாவது, வரிசையெண் திறமையின் அளவு என்பது. அதே ஒரு லட்சம் மூட்டைகளில், இரண்டின் எடை சேர்ந்து குறிப்பிட்ட தொகையாகும் ஜோடி உண்டா என்று கேட்டால், ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் கூட்டிப் பார்ப்பது இயல்பான வழி. அதற்கு 1000 கோடி அளவிலான படிகள் பிடிப்பதால் இயந்திரம் தரும் ஓரிரு விநாடிக் கெடு கடந்துபோகும். எடை வரிசைப்படி மூட்டைகளை அடுக்கிவிட்டு, லேசான முனையில் ஒரு விரலும் கனமான முனையில் ஒரு விரலும் வைத்து, தொகை குறைந்தால் இடவிரலையும் மிகுந்தால் வலவிரலையும் உள்ளே நகர்த்தினால், அடுக்குவதற்கு ஆகும் ஏறக்குறைய 17 லட்சம் படிகளோடு வேலை பெரும்பாலும் முடிந்தது. இந்த யுக்தியைப் பயிற்சி வகுப்பில் பலமுறை கண்டவன் மூன்று நிமிஷத்தில் எழுதுகிறான். கேட்டறியாதவன் ஒருவன் ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு தானே கண்டுபிடிக்கிறான். பட்டியல் முன்னவனையே மேலே வைக்கும். சிந்தனையில் பெரியவன் பின்னவன் என்று சொல்லப் பட்டியலுக்கு வாயில்லை. 2025இல் பாக்கு நகரில் நடந்த, ஐசிபிசி என்னும் கல்லூரி மாணவர் நிரல் போட்டியின் உலக இறுதிச்சுற்றில் வந்த பன்னிரண்டு கணக்குகளையும் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவே தீர்த்துவிட்டது என்ற செய்திக்குப் பிறகு, வீட்டிலிருந்து எழுதிப் பெற்ற எண்ணை மட்டும் கொண்டு ஒரு பிள்ளையை எடைபோடுவது முன்னினும் விபரீதமானது.

நான்காவது, உபாத்தியாயர் வேண்டுவதில்லை என்பது. இதற்கு ஒலிம்பியாடின் சரித்திரமே ஆட்சேபம் தெரிவிக்கிறது. 2002 முதல் அதில் கலந்துவரும் இந்தியா, தன் அணியின் நான்கு மாணவரையும் காற்றிலிருந்து பறித்து அனுப்பவில்லை. சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் உள்ளிட்டோர் ஆண்டுதோறும் தேர்வும் பயிற்சி முகாமும் நடத்திப் பொறுக்குகிறார்கள். அந்தத் தேர்வுகளுள் ஒன்று பல ஆண்டுகளாகக் கணினியே வேண்டாத காகிதப் பரீட்சையாக நடந்துவந்தது. நிரல்மொழி அறியாதவனும் எழுத முடிந்தது, யோசிக்கத் தெரிந்தால் போதுமாயிருந்தது.

மலைக்கு வழி அங்கேதான் இருக்கிறது. போட்டி வேண்டாம் என்பது என் வாதமன்று. போட்டியின் கணக்கு, வரிசையெண்ணுக்கு முன்பாக, தமிழில் கரும்பலகைக்கு வரவேண்டும் என்பதே. உதாரணமாக, ஐரோப்பாவின் மொராவியாப் பகுதியில் ஊர்களுக்குக் குறைந்த செலவில் மின்கம்பி இழுப்பது எப்படி என்ற கேள்வியை 1926இல் ஒட்டகர் பொரூவ்கா என்னும் கணித அறிஞர் தீர்த்தார். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு, மணியார்பாளையம் என்று எழுதிப்போட்டு, எல்லா ஊருக்கும் கம்பி போக வேண்டும், மொத்த நீளம் மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்று கேட்டால், அந்தத் தூரங்களைக் காலால் அறிந்த பிள்ளைகளுக்கு அது அந்நியக் கணக்காயிராது.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு நாட்குறிப்பை எடுத்து ஐந்து ஊர்களையும் புள்ளிகளாக வைத்து, தூரங்களை உத்தேசமாகக் குறித்து, குறுகிய தூரத்திலிருந்து தொடங்கிக் கோடுகளை இழுத்துக்கொண்டே போனார். நான்காவது கோட்டில் நான் அவர் கையைப் பிடித்தேன். "ஏன்?" என்றார். "இந்த மூன்று ஊர்களும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன, இந்தக் கோடு வளையமாகிறது, கம்பி வீண்" என்றேன். பார்த்தார், சிரித்துக்கொண்டே அடித்துவிட்டு இன்னாட்டுக்கு வேறு கோடு போட்டார். தவறான விடை என்று மட்டும் நான் சொல்லியிருந்தால், வெள்ளிமலை வந்து சேரும்வரையில் அவர் தேடிக்கொண்டிருந்திருப்பார்.