பவளம் வளர்த்து விற்கலாமா?

இந்த இதழில் நான்கைந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுவதாக இருந்தேன். சந்தவாசலுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் அவசரமானது என்பதால், அதற்கே இடம் முழுவதையும் ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு பட்டுத்தறியும் உண்டு. என் மகன் டிப்ளமோ படித்தவன். கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்த்துத் துண்டு துண்டாக விற்றால் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் என்று செல்போனில் பார்த்திருக்கிறான். ஒருவர் தாய்ப்பவளம் தருவாராம். வளர்ந்ததை அவரே திரும்ப வாங்கிக்கொள்வாராம். இரண்டு லட்சம் கேட்கிறார். கறவை மாடு இரண்டையும் விற்று, என் நகையையும் அடகு வைக்கலாம் என்கிறான். செய்யலாமா?

பதில்: அம்மா, மாட்டை விற்க வேண்டாம், நகையையும் வைக்க வேண்டாம். காரணத்தை மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் மகன் பார்த்தது முழுப் பொய்யல்ல. பவளம் என்பது உயிர். சின்னஞ்சிறு பிராணிகள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்புக் கூடு கட்டி வாழ்வதுதான் பவளப்பாறை. முருங்கைப் போத்தை நட்டால் துளிர்ப்பது போல, பவளத்தில் ஒரு துண்டை உடைத்து ஒட்டினால் அதுவும் வளரும். அமெரிக்கா, ஐரோப்பா போன்ற இடங்களில் இது பெரிய பொழுதுபோக்கு. அபூர்வ நிறத்துக்கு ஆடம்பரமாக ஒரு பெயர் வைத்து, ஒரு அங்குலத் துண்டைக்கூட நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கிறார்கள். ஆனால் அந்த விலை நிற்காது. நாலு பேர் தொட்டியில் அதே நிறம் பெருகியதும் இறங்கிவிடும். புது ரக விதைக்கு முதல் வருடம் இருக்கும் விலை மூன்றாம் வருடம் இருக்கிறதா?

இனி சட்டம். பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001 முதல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணைதான். குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. செத்த பவளக் கல்லை அலங்காரத்துக்கு விற்பதும் குற்றம்தான். 'கடையில் பில் போட்டு வாங்கினேன்' என்பது உரிமம் ஆகாது. பொருள் உங்கள் கையில் இருந்தால், சட்டப்படிதான் வைத்திருக்கிறேன் என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே.

'இது இந்தோனேசியாவிலிருந்து வந்தது' என்பார்கள். அந்த நாடே 2018-ல் பவள ஏற்றுமதியை நிறுத்தி வைத்து, பிறகுதான் மீண்டும் அனுமதித்தது. கல்பவளங்கள் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையிலும் இருப்பதால், அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி அனுமதி கட்டாயம். 'இது கல் அல்ல, மென்பவளம்' என்றும் சொல்வார்கள். அதற்கும் எங்கிருந்து எப்படி வந்தது என்ற ஆவணம் கேளுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஏன் இத்தனை கெடுபிடி? ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். முன்பு சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் அங்கே பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கும் பாறை போனதால் மண் அரித்து, பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. 1986-ல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. ஏரிக்கரையை வெட்டி விற்றால் ஊருக்கு என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, 'நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்' என்ற பேச்சு. 2012-ல் ஈமு கோழியில் கொங்கு நாட்டு விவசாயிகள் பட்டது நினைவிருக்கும். குஞ்சு வாங்க ஆள் இருந்தது; கறி தின்ன ஆள் இல்லை. எந்தத் தொழிலிலும் கடைசியில் காசு கொடுத்து வாங்குபவர் யார் என்று கேளுங்கள். அடுத்த முதலீட்டாளர்தான் என்றால் விலகிவிடுங்கள்.

தண்ணீரையும் யோசியுங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வாராவாரம் தொட்டியிலிருந்து மாற்றும் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? மண்ணின் உப்புநிலை 3 அலகைத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். கடல்நீர் 50 அலகுக்கு மேல். கொல்லையில் கொட்டினால் கிணறும் கெடும். மின்சாரம் அரைநாள் நின்றால் பவளம் செத்துவிடும் ஆபத்தும் உண்டு.

தொட்டி மீது மகனுக்கு ஆசை இருந்தால் அதை அணைக்க வேண்டாம். கப்பி, மோலி, பிளாட்டி போன்ற நன்னீர் அலங்கார மீன்கள் குட்டி போடுபவை. சிமெண்டுத் தொட்டியிலேயே வளரும். சென்னை கொளத்தூர் இதற்குப் பெயர் பெற்ற சந்தை. ஒருநாள் கூட்டிப்போய், எந்த மீனை என்ன விலைக்கு வாங்குகிறார்கள் என்று மகனையே விசாரிக்கச் சொல்லுங்கள். கடல் மீன்தான் வேண்டும் என்றால், கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்யும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது. அந்த மீனுக்கு உயிர்ப்பவளம் தேவையில்லை. சிமெண்டில் செய்த பாறை போதும்.

பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் வகுத்திருந்தார்கள். இப்போதைய நிலையை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தை உங்கள் பெயரிலேயே போடுங்கள் அம்மா.

முதலில் இரண்டு தொட்டி, ஆறு மாதம். அதுவரை பால் காசு வீட்டை நடத்தட்டும். பவளம் தருவதாகச் சொன்னவர் மீண்டும் வந்தால், வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மற்ற வாசகர்களின் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் தருகிறேன்.