முதல் டொக் ஷோவில் நாயைப் பதியாதீர்கள்

எங்கள் நாயின் பெயர் வடை. கைவிடப்பட்ட நாய்களை வைத்துப் பராமரிக்கிற இடத்திலிருந்து வந்தவன். தாய் தகப்பன் யார், என்ன இனம், ஒன்றும் தெரியாது.

போன கோடையில் லண்டனுக்கு வெளியே ஒரு கிராமத்துத் திடலில் நடந்த டொக் ஷோவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் பதிந்த பிரிவு, மிகச் சந்தோஷமாக வாலாட்டும் நாய். ஒலிபெருக்கியில் "வாடாய்" என்று கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். ரிங்கில் நின்ற நேரம் முழுக்க வடையின் வால் பின்னங்கால்களுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. சனம் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே கயிற்றை இழுத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் தமிழ்ப் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி ஞாபகம் வந்தது. எனக்கு ஏழு வயது. மேடைக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நிற்கிறேன். "ஒண்டுமில்லை, போ பிள்ளை, எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம்" என்று அம்மா முதுகில் கைவைத்துத் தள்ளுகிறா. அதற்காக எத்தனை வருடம் அம்மாவைக் குறை சொல்லியிருப்பேன்! அதையேதான் வடைக்கு நான் செய்துவிட்டு வந்திருந்தேன்.

டொக் ஷோவுக்கே போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள், அதையும் நான் ஏற்கவில்லை. பேர்மிங்ஹாமில் நடக்கிற கிரஃப்ட்ஸை டிவியில் பார்த்துவிட்டு, பரம்பரைப் பத்திரம் உள்ள நாய்களுக்குத்தான் இதெல்லாம் என்று நினைத்துவிடுகிறோம். கிரஃப்ட்ஸில் இன நாய்களின் போட்டிக்கு முதலில் வேறு ஷோக்களில் வென்று தகுதி பெறவேண்டும், அது உண்மை. ஆனால் இங்கே கம்பானியன் ஷோ என்று ஒன்றும் இருக்கிறது. 1873இல் தொடங்கிய கெனல் கிளப்பின் அனுமதியோடு நடப்பது. கலப்பு நாய்க்கும் இடம் உண்டு. நாய்க்கு 6 மாதம் ஆகியிருந்தால் போதும். அன்றைக்கே போய்ப் பதியலாம், கட்டணமும் சில பவுண்தான். எங்கே எப்போது நடக்கிறது என்று கிளப்பின் இணையத்தளத்தில் தேடலாம். மிருக வைத்தியரின் அறிவிப்புப் பலகையிலும் கோடைகாலக் கிராமத் திருவிழா விளம்பரங்களிலும் கண்ணில் படும்.

ஆக, ஷோவைக் கண்டுபிடிப்பது சுகம். நான் பிழைவிட்டது கண்டுபிடித்த அன்றே பதிந்ததில்தான்.

முதல் தடவை சும்மா போய் ஓரத்தில் இருங்கள். (பெரிய ஷோக்களில் பதியாத நாயை உள்ளே விடமாட்டார்கள், அங்கே தனியாகப் போய்ப் பாருங்கள்.) நடுவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். இனப் பிரிவுகளில் பல்லைப் பார்ப்பார், உடம்பு முழுக்கக் கையால் தடவிப் பார்ப்பார், சின்ன நாயை மேசையில் ஏற்றச் சொல்வார். பிறகு நடக்கவும் ஓடவும் விட்டுப் பார்ப்பார். விளையாட்டுப் பிரிவுகளில் இவ்வளவு இல்லை, ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் குனிந்து தொடத்தான் செய்வார். இதற்கெல்லாம் உங்கள் நாய் பழக்கப்பட்டிருக்கிறதா?

நாயையும் பாருங்கள். பசியில்லாமல் உதட்டை நக்குகிறதா, நித்திரை வராமலே கொட்டாவி விடுகிறதா, காதைப் பின்னால் மடிக்கிறதா? பயந்த நாய் இப்படித்தான் சொல்லும். வடை அன்றைக்கு இந்த மூன்றையும் செய்தான். நான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் படங்களில் எல்லாம் தெளிவாக இருக்கிறது, அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பதிந்த காசு வீணாகிறதே என்று யோசிக்க வேண்டாம். கம்பானியன் ஷோவில் சேருகிற பணம் பெரும்பாலும் தர்ம காரியத்துக்குத்தான் போகும். பிடிக்கவில்லையென்றால் ரிங்கை விட்டு வெளியே வாருங்கள், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

இந்த வருடம் நாங்கள் இரண்டு ஷோவுக்குப் போனோம், இரண்டிலும் பதியவில்லை. இரண்டாவதுக்கு அம்மாவும் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்தா. "பாவம், அவனை விடு, பாத்துக்கொண்டு இருக்கட்டும்" என்றா. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவவுக்குப் பேச்சுப்போட்டி ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் வடையின் பல்லை ஒருக்கால் பாருங்கோ என்று கேட்கிறேன். மாமா மட்டும் இன்னும் மாட்டேன் என்கிறார்.