திரை மறைத்த நாவல்

'தில்லானா மோகனாம்பாள்' என்ற பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவோர் யாவர்? சிவாஜி கணேசன், பத்மினி, நாகேஷ், மனோரமா. கொத்தமங்கலம் சுப்புவின் பெயரை முதலில் உரைப்பார் நம்மிடையே எத்தனை பேர் உளர்?

'கலைமணி' என்னும் புனைபெயரில், 1950-களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் சுப்பு எழுதிய தொடர்கதை அது. கோபுலுவின் ஓவியங்களோடு வாரந்தோறும் வீடு தேடி வந்தது. 1968-இல் ஏ.பி. நாகராஜன் அதனைத் திரைப்படமாக்கினார். படம் சிறந்ததே, மறுப்பார் இலர். ஆயினும், படம் பார்த்தோம் என்பதையே கதை படித்தோம் என்பதாகக் கொள்ளும் நம் சோம்பலை எங்ஙனம் பொறுப்பது?

இன்று பாம்பூஃப்ளாட்டில் வளரும் நம் பிள்ளைகள், 2019-இல் வெளிவந்த 'டெய்சி ஜோன்ஸ் அண்ட் தி சிக்ஸ்' என்னும் அமெரிக்க நாவலைப் படிக்கின்றனர். கற்பனையான ராக் இசைக்குழு ஒன்றின் புகழும் காதலும் பிளவுமே அதன் கதை. "தமிழில் இப்படி ஒன்று உண்டா?" என்று அவர்கள் கேட்கும்போது, நாம் திரைப்படக் காட்சி ஒன்றைக் காட்டி அமைகிறோம். நூலை எடுத்துக் கொடுப்பதில்லை.

"வார இதழ்த் தொடர் இலக்கியமாகுமா?" என்று வினவும் அறிஞரும் நம்மிடையே உண்டு. அவர்கள் போற்றும் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளும் சுதேசமித்திரனில் தொடராக வந்ததே. வந்த இடத்தைக் கொண்டு நூலை எடை போடுவது முறையன்று.

சிக்கல் சண்முகசுந்தரத்தின் வித்துவச் செருக்கும், மோகனாவின் கலைச் செருக்கும் மோதிக் காதலாகக் கனிவது கதையின் ஒரு பாதி. பணம் படைத்தோர் கலைஞரை விலைபொருளாகக் கருதுவதும், அதற்குத் தரகு பேச ஒரு வைத்தி முளைப்பதும் மறுபாதி. அந்த மறுபாதி நம்மைச் சுடவேண்டும்.

நாதஸ்வரம் தனியொருவர் கலையன்று. தவிலும் தாளமும் ஒத்தும் சேர்ந்தாலே அது மேளம். கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்து, ஒற்றைச் சுருதியை அறாது காப்பவர் ஒத்துக்காரர். அவர் நிறுத்தினால் வித்துவானின் இராகத்துக்கு நிலைக்களன் ஏது? அத்தகையவருக்கு நாம் அளித்த பரிசு யாது? பிறர் சொல்லுக்கெல்லாம் தலையாட்டுபவனை 'ஒத்து ஊதுகிறவன்' என்று இகழ்கிறோம்! உழைப்பின் பெயரையே வசையாக்கிய பின், இன்று அவருடைய இடத்தில் சுருதிப்பெட்டியையும் வைத்துவிட்டோம்.

இத்தீவில் நம் இல்லத் திருமணங்களில் நிகழ்வது என்ன? பந்தலுக்குப் பல்லாயிரம், விருந்துக்குப் பல்லாயிரம். மங்கல இசைக்கு மட்டும் பென்டிரைவ். "கடல் கடந்து மேளம் வருவதெனில் செலவன்றோ?" என்பர். கடல் கடந்து பட்டும் நகையும் வரவில்லையா? தாலி கட்டும் வேளையில் ஒலிபெருக்கி திக்கித் திணறி நின்றதையும், எவரும் அதற்காக நாணாததையும் நாம் கண்டோம்.

அன்பர்களே! நம் சங்க நூலகத்தில் அந்நாவல் இடம்பெறுக. அடுத்த ஆண்டு விழாவில் முழுமையான மேளம் ஒன்று, ஒத்துக்காரர் உட்பட, மேடையில் அமர்க. அவர்தம் பெயர்கள் அழைப்பிதழில் அச்சேறுக. அதன்பின் திரைப்படத்தைப் போற்றுவோம். அப்போது அப்போற்றுதலுக்கு நமக்குத் தகுதியும் உண்டாகும்.