மலிவுத் தீனியால் வரும் நஷ்டம்

கால்நடை வளர்ப்பு ஓசூருக்குப் புதிதல்ல. அங்குள்ள அரசு கால்நடைப் பண்ணை 1824-ல் ஏற்பட்டது. இன்று பன்றி வளர்ப்போரும் அந்த வட்டாரத்தில் உண்டு. அவர்களுக்குப் பெரிய செலவு, தீனிதான்! ஆகவே மலிவான தானியத்தைத் தேடுகிறார்கள்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பூசணம் பிடித்த மக்காச்சோளம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதில் "அஃப்ளாடாக்சின்" என்ற நஞ்சு இருக்கலாம். வேகவைத்தாலும் அது போகாது. குட்டி சரியாகத் தின்னாது, ஈரல் கெடும், எடை ஏறாது. மிச்சம் பிடித்த பணம் நஷ்டமாகிவிடும்.

பிறகு எதைக் கொடுப்பது?

நன்றாகக் காய்ந்த மக்காச்சோளம் நல்லது. அதன் விலை ஏறினால், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிறைய விளையும் கேழ்வரகு கைகொடுக்கும். மக்காச்சோளத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, அதைச் சேர்க்கலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனால் முழுதாகப் போடக்கூடாது. மணி சிறியது, செரிக்காமல் வெளியேறிவிடும். அரைத்தே போடவேண்டும்.

தானியம் மட்டும் போதாது. சதை பிடிக்கப் புரதம் வேண்டும். பூசணம் இல்லாத புண்ணாக்கும், தாது உப்பும் சேரவேண்டும்.

வாங்குமுன் ஒரு பிடி தானியத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஈரமோ, பச்சைப் படிவமோ, மக்கிய வாடையோ இருந்தால் வேண்டாம். ஒரு நிமிஷச் சோதனை, பல மாத உழைப்பைக் காக்கும்!