காற்றைக் குறைத்தால் க்ரிப் கூடுமா? இருங்காட்டுக்கோட்டை ட்ராக் சொல்லும் டயர் கணக்கு!

ட்ராக் டே நடக்கும் நாள்களில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கின் பிட் பகுதியில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கார் ஓட்டப்போகிறவர் ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன் குனிந்து, டயரில் கேஜை வைத்து, 'புஸ்' என்று கொஞ்சம் காற்றை வெளியே விடுவார். 33 பி.எஸ்.ஐ. இருந்த டயர் 28, 26, 25 என்று இறங்கும். வேடிக்கை பார்க்கும் இளைஞர் ஒருவர், "காத்தைக் குறைச்சா க்ரிப் ஏறும்" என்ற பாடத்தோடு வீட்டுக்குப் போனால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணெதிரே நடந்தது அதுதான்.

பாடம் பாதி சரி. மீதிப் பாதிதான் ஆளைக் கொல்லும்.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. பல வருடங்கள் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில்தான் ரேஸ் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த ட்ராக் வந்தது. 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். இப்போது அதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். சுற்றிலும் பார்த்தால் டயர் ராஜ்ஜியம்தான். ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே., கண்ணந்தாங்கலில் சியட். கார்களைச் சோதித்துப் பார்க்கத் தனி ஓடுதளங்களோடு ஒரு ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில் உண்டு. 1998 முதல் ஹூண்டாய் கார்கள் பிறப்பதும் இதே இருங்காட்டுக்கோட்டையில்தான். டயர் தயாராகும் இந்த ஊர்ச் சாலைகளிலேயே வழுக்கை டயரோடு ஓடும் கார்களும் ஏராளம் என்பதை என்னவென்று சொல்வது?

இனி கணக்கு. ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார். நான்கு சக்கரங்களுக்கும் தலா 300 கிலோ. டயரில் 33 பி.எஸ்.ஐ. காற்று என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.3 கிலோ அழுத்தம். வகுத்துப் பார்த்தால், ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய 130 சதுர சென்டிமீட்டர். அந்தக் கால மஞ்சள் போஸ்ட் கார்டு அளவு! காரில் 160 குதிரைத் திறன் இருக்கலாம், சன் ரூஃப் இருக்கலாம், ஆறு ஏர் பேக் இருக்கலாம். எல்லாம் சாலையோடு பேசுவது நான்கு போஸ்ட் கார்டுகள் வழியாகத்தான். பிரேக்கை எவ்வளவு அழுத்தி மிதித்தாலும், அந்த நான்கு கார்டுகள் தாங்குகிற அளவுக்குத்தான் கார் நிற்கும்.

காற்றைக் குறைத்தால் கார்டு கொஞ்சம் பெரிதாகும். அதனால்தான் ரேஸர்கள் குறைக்கிறார்களா? அது சின்னக் காரணம். பெரிய காரணம் சூடு.

ட்ராக்கில் ஒவ்வொரு வளைவிலும் டயர் பிழிபடுகிறது. சில சுற்றுகளிலேயே ரப்பர் 80 டிகிரிக்கு மேல் கொதிக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரியும். ஏறக்குறைய ஆறு டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. கூடும் என்று வைத்துக்கொண்டால் பெரிய தப்பு வராது. 30 டிகிரியில் 25 பி.எஸ்.ஐ. வைத்துக் கிளம்பிய டயர், 80 டிகிரியைத் தொடும்போது 31-ஐத் தாண்டிவிடும். அதாவது, ரேஸர் 25-ல் ஓட்டுவதில்லை. 31-ல் ஓட்டுவதற்காக 25-ல் கிளம்புகிறார். 33-ல் கிளம்பியிருந்தால் 40-ஐத் தாண்டி, டயர் பலூன் மாதிரி நடுவில் புடைத்து, போஸ்ட் கார்டு சுருங்கிவிடும்.

இப்போது அதே கார் மதியம் ட்ராக்கை விட்டுக் கிளம்பி, சென்னை - பெங்களூரு ஹைவேயில் ஏறுகிறது. மறுநாள் காலை குளிர்ந்த டயரில் இருப்பது 25 பி.எஸ்.ஐ. மட்டுமே. ஹைவேயில் வளைவு குறைவு, டயர் ட்ராக்கில் ஆனதுபோல் சூடேறி அழுத்தம் கூடாது. ஆனால், காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடிப்பில் பிறக்கும் சூடு ரப்பருக்குள் இருக்கும் அடுக்குகளில் தங்கும். கோடை மதியத்தில் தார் ரோடு 60 டிகிரியை நெருங்கும் ஊர் இது. நான்கு பேர், டிக்கி நிறைய மூட்டை, 100 கிலோமீட்டர் வேகம் என்று ஒன்றரை மணி நேரம் போனால், அடுக்குகள் பிரிந்து டயர் வெடிப்பதற்கு வேறெதுவும் தேவையில்லை.

மழைக் கணக்கு இதைவிட மோசம். 1960-களில் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள், தண்ணீர் தேங்கிய ஓடுதளத்தில் விமான டயர்கள் எந்த வேகத்தில் தரையை விட்டு நீர்மேல் மிதக்கின்றன என்று சோதித்தார்கள். அவர்கள் கண்டது, மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்பதை. அழுத்தம் குறைந்தால் சீக்கிரமே மிதக்கும். அந்தச் சூத்திரத்தில் 33 பி.எஸ்.ஐ. போட்டால் சுமார் 96 கிலோமீட்டர் வேகம் வரும். 25 போட்டால் 83. ஆழமான தண்ணீரில், பள்ளம் தேய்ந்த டயருக்கான கணக்கு இது. நல்ல ட்ரெட் உள்ள டயர் தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்றும், இன்னும் தாக்குப்பிடிக்கும். ஃபார்முலா 1-ன் மழை டயர் ஒன்று, 300 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு சுமார் 85 லிட்டர் தண்ணீரை வாரி இறைக்கும். ஆனாலும் திசை தெளிவு. "மழைக்குக் காற்றைக் கொஞ்சம் இறக்கு" என்பது நேர் எதிரான ஆலோசனை. ஐப்பசி மழையில், செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்து ஹைவேயில் 90-ல் போகிறவருக்கு அந்த 13 கிலோமீட்டர் வித்தியாசம் சாதாரணமானதல்ல.

'டயரில் காற்று குறைந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியுமே' என்பார்கள். அமெரிக்க விதியின்படி, கம்பெனி சொன்ன அளவில் 25 சதவிகிதம் குறைந்தால்தான் அந்த விளக்கு எரிந்தாக வேண்டும். 33-ல் 25 சதவிகிதம் கழித்தால் 24.75! ஆக, 25-ல் ஓடும் கார் விளக்கே எரியாமல் ஓடலாம். முந்நூறு, நானூறு ரூபாய் கேஜ் ஒன்று டேஷ்போர்டு பெட்டியில் கிடப்பது நல்லது.

எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்சம். அதைப் பார்த்து நிரப்பக் கூடாது. கார் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு அளக்க வேண்டும். 'மைலேஜுக்காக' 40 அடிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் போஸ்ட் கார்டைக் கிழித்துச் சின்னதாக்குகிறார்கள். நைட்ரஜன் நிரப்பினால்தான் ஆச்சு என்கிறவர்களுக்கு ஒரு தகவல்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான்.

டயரின் வயதும் பக்கச்சுவரிலேயே இருக்கிறது. 'டி.ஓ.டி.' என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் 2319 என்றால், 2019-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் பிறந்த டயர். ட்ரெட் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப்போகும், பிடிக்காது. செகண்ட் ஹேண்டில் வேகமான கார் வாங்குகிறவர்கள் இன்ஜினைக் கேட்பதற்கு முன் இதைப் படிக்கலாம். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து வேகத்துக்கானது. ஹெச் என்றால் 210 கிலோமீட்டர், வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. 'நம்ம ஊர்ல யாரு 210-ல போறா?' என்று குறைந்த எழுத்துக்கு இறங்குவது தப்பு. கார் கம்பெனி வி போட்டிருந்தால் அதற்குக் குறையக் கூடாது. ட்ரெட் பள்ளத்துக்குள் தெரியும் சின்னத் திட்டுகள் 1.6 மில்லிமீட்டர் உயரம். மேல்மட்டம் அதைத் தொட்டுவிட்டால் மாற்றியாக வேண்டும்.

நான்கையும் மாற்றப் பணம் இல்லை, இரண்டுதான் என்றால்? புது டயர்கள் பின்னால் போக வேண்டும். இன்ஜின் முன் சக்கரத்தை ஓட்டும் காராக இருந்தாலும்! கடைக்காரரோடு இதற்காகவே கொஞ்சம் வாக்குவாதம் நடக்கும், நடக்கட்டும். முன் டயர் வழுக்கினால் ஸ்டீயரிங் லேசாவது கைக்குத் தெரியும், காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரமாகிவிடும்.

15 இன்ச் வீலை எடுத்துவிட்டு 17 இன்ச் அலாய் போடும் ஆசை இந்த வட்டாரத்து இளைஞர்களுக்கும் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால், பக்கச்சுவர் ஒல்லியாகிவிடும். கண்டெய்னர் லாரிகள் ஓடும் சிங்கப்பெருமாள்கோயில் - ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக ரிம்முக்குப் போகும். வளைந்த அலாயைச் சூடாக்கித் தட்டி நிமிர்த்துகிறோம் என்பார்கள். விரிசல் விட்டிருந்தால் அதைத் தொடவே கூடாது. அலாயைக் கழுவ ஆசிட் வேண்டாம், கார் ஷாம்பூ போதும். டயர் பாலிஷ் பக்கச்சுவரோடு நிற்கட்டும். ட்ரெட்டில் வழிந்தால் முதல் சில கிலோமீட்டர்கள் எண்ணெய் தடவிய டயர்தான்.

வீலைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு முறையும் நட்டைக் கவனிக்க வேண்டும். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று என்று இறுக்காமல், எதிர் எதிராக நட்சத்திர வடிவில் இறுக்க வேண்டும். பெரும்பாலான சின்ன கார்களுக்கு 110 நியூட்டன் மீட்டர் வாக்கில் போதும், சரியான எண் கார் கையேட்டில் இருக்கும். ஏர் கன்னால் 'கிர்ர்' என்று அடித்துவிட்டால் போல்ட் இழுபட்டுவிடும், நடுவழியில் பஞ்சரானால் கையால் கழற்றவும் முடியாது. டார்க் ரெஞ்ச் வைத்து முடிக்கச் சொல்லிக் கேட்கலாம். அப்படியே 50, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிட வேண்டும். புது அலாய் என்றால் கட்டாயம்.