தோழிக்காகக் கருவைச் சுமக்கலாமா? சட்டம் திறந்த கதவும் 35 வயது வரம்பும்

அம்பர்நாத்: குழந்தைப் பேறு வாய்க்காத தோழிக்காக அவளது கருவைத் தன் கருப்பையில் சுமக்க ஒரு பெண் முன்வந்தால், இந்தியச் சட்டம் அதை ஏற்குமா? ஏற்கும் என்பதே விடை. ஆயினும், அந்த அனுமதியைச் சூழ்ந்துள்ள நிபந்தனைகளால், நட்பின் பெயரால் முன்வரும் பெண்களில் பலர் முதல் படியிலேயே தகுதியிழக்க நேரிடுகிறது.

மும்பைப் பெருநகர்த் தமிழர்களுக்கு இக்கேள்வி கூடுதல் பொருளுடையது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எனத் தொடங்கி அம்பர்நாத் போன்ற புறநகர்கள் வரை வாழும் குடும்பங்களில் பலவற்றுக்கு நெருங்கிய உறவினர்கள் திருநெல்வேலி போன்ற தொலைதூர மாவட்டங்களில் இருக்கின்றனர். பிள்ளைப்பேறு, நோய், துக்கம் என எதுவாயினும் முதலில் வந்து நிற்போர் பக்கத்து வீட்டாரும் தோழியருமே. அக்காவோ அண்ணியோ அருகில் இல்லாத ஊரில், இத்தகைய உதவிக்கும் தோழியின் முகமே முதலில் நினைவுக்கு வருவது இயல்பு.

நீக்கப்பட்ட ‘நெருங்கிய உறவினர்’ நிபந்தனை

தொடக்கத்தில் இந்தக் கதவு மூடியே இருந்தது. 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் கொண்டுவரப்பட்ட வாடகைத் தாய் ஒழுங்குமுறை மசோதாக்கள், தம்பதியரின் நெருங்கிய உறவினர் மட்டுமே கருவைச் சுமக்கலாம் என்றன. பூபேந்தர் யாதவ் தலைமையிலான மாநிலங்களவைத் தேர்வுக் குழு, 2020 பிப்ரவரியில் அளித்த அறிக்கையில் இந்த நிபந்தனையை நீக்கி, விருப்பமுள்ள எந்தப் பெண்ணையும் அனுமதிக்கப் பரிந்துரைத்தது. 2022 ஜனவரி 25 முதல் நடைமுறைக்கு வந்த 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘விருப்பமுள்ள பெண்’ என்ற சொல்லே இடம்பெற்றது.

மரபணுத் தொடர்பு என்பது பிறக்கும் குழந்தைக்கும் அதன் பெற்றோராக விரும்புவோருக்கும் இடையே இருக்க வேண்டியது. சுமக்கும் பெண் தன் கருமுட்டையைத் தரக் கூடாது எனச் சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது. மனைவியின் கருமுட்டை பயன்படாத நிலையில், மாவட்ட மருத்துவ வாரியத்தின் சான்றுடன் வேறொருவரின் கருமுட்டையைத் தானமாகப் பெற 2024 பிப்ரவரியில் விதி தளர்த்தப்பட்டது. அப்போதும் சுமக்கும் தோழியே கருமுட்டையையும் தர இயலாது.

ஒத்த வயது நட்பும் வயது வரம்பும்

கருவைச் சுமக்கும் பெண் திருமணமானவராகவோ ஒரு காலத்தில் மணமாகியிருந்தவராகவோ இருக்க வேண்டும். அவருக்குச் சொந்தக் குழந்தை இருக்க வேண்டும். கரு வைக்கப்படும் நாளில் வயது 25 முதல் 35க்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே வாடகைத் தாயாகலாம். உடல் தகுதியோடு மனத் தகுதிக்கும் சான்று தேவை. மறுபுறம், பெற்றோராக விரும்பும் தம்பதியரில் மனைவிக்கு 23 முதல் 50 வயது வரையும் கணவருக்கு 26 முதல் 55 வயது வரையும் சட்டம் இடமளிக்கிறது.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. வாடகைத் தாய் முறை எவருக்கும் முதல் தீர்வு அன்று. மாத்திரை, ஊசி, சோதனைக் குழாய் சிகிச்சை எனப் பல ஆண்டுகள் கடந்த பின்னரே தம்பதியர் இதை நாடுகின்றனர். அதற்குள் மனைவி முப்பதுகளின் பிற்பகுதியையோ நாற்பதையோ எட்டியிருக்கக் கூடும். நட்பு பெரும்பாலும் ஒத்த வயதினரிடையே வளர்வது. பள்ளித் தோழிக்கும் உடன் பணிபுரிபவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் இருக்கும். பெற்றோராக 50 வயது வரை காத்திருக்க அனுமதிக்கும் சட்டம், அவர்களுக்கு உதவ வரும் தோழியை 35 வயதுடன் விலக்கிவிடுகிறது.

வயது கூடுந்தோறும் பேறுகால ஆபத்தும் கூடும் என்பதால் வரம்பு தேவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. சட்டம் வருமுன்பே கருவை உறைநிலையில் சேமித்துவிட்ட தம்பதியருக்கு வயது உச்சவரம்பு பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபர் 9 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தளர்வு பெற்றோராக விரும்புவோருக்கானது. சுமக்கும் பெண்ணுக்கான வரம்பு மாறவில்லை.

கடக்க வேண்டிய படிகள்

தகுதியுள்ள தோழி கிடைத்தாலும் பாதை நீளமானது. அம்பர்நாத் தம்பதியர் எனில், குழந்தையைச் சுமக்க இயலாத மருத்துவக் காரணத்துக்குத் தாணே மாவட்ட மருத்துவ வாரியத்திடம் சான்று பெற வேண்டும். குழந்தையின் பெற்றோர் யார், பொறுப்பு யாருக்கு என்பதை உறுதிசெய்யும் ஆணையை, தம்பதியரும் தோழியும் சேர்ந்து விண்ணப்பித்து முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் பெற வேண்டும். தோழியின் பெயரில் 36 மாத மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். இரு தரப்புக்கும் உரிய அதிகார அமைப்பின் தகுதிச் சான்று தேவை.

கரு வைக்கப்படும் வரை தோழி தன் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். அதன் பிறகும் அவரது எழுத்துப்பூர்வ ஒப்புதலும் அதிகார அமைப்பின் அனுமதியும் இன்றிக் கருக்கலைப்பு செய்ய இயலாது. இவை அவருக்கான முக்கியப் பாதுகாப்புகள்.

இழக்கும் ஊதியத்துக்கு யார் பொறுப்பு?

மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகளில் குறிப்பிட்ட பிற செலவுகள் தவிர வேறு பணம் கைமாறினால் அது வணிக நோக்கிலான வாடகைத் தாய் முறையாகும். அதை நாடும் தம்பதியருக்கு முதல் முறை குற்றத்துக்கு 5 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அதை நடத்துவோருக்குத் தண்டனை 10 ஆண்டு வரை நீளும். ‘வாடகை’ என்ற சொல் தமிழில் நிலைத்துவிட்டது. சட்டமோ வாடகையையே குற்றமாக்கிவிட்டது.

ஏழைப் பெண்களின் உடல் விலைபேசப்படுவதைத் தடுக்கும் அந்நோக்கம் மறுக்கத்தக்கதன்று. எனினும், வீட்டு வேலையோ தையலோ செய்து குடும்பம் நடத்தும் தோழி பேறுகாலத்தில் இழக்கும் வருமானத்துக்குச் சட்டத்தில் விடை இல்லை. மத்திய அரசு ஊழியராயின், 2024 ஜூன் விதித் திருத்தத்தின்படி வாடகைத் தாய்க்கு 180 நாள் விடுப்பு உண்டு. அன்றாடக் கூலிப் பெண்ணுக்கு அத்தகைய விடுப்பு இல்லை. சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2017ஆம் ஆண்டு அறிக்கையிலேயே ஊதிய இழப்பை ஈடுசெய்யும் முறையைப் பரிந்துரைத்தது; அது ஏற்கப்படவில்லை. பிரிட்டனிலும் வணிக நோக்கிலான ஏற்பாட்டுக்குத் தடை உள்ளது. ஆயினும், வருமான இழப்பு உள்ளிட்ட நியாயமான செலவுகளைத் தம்பதியர் ஏற்பதற்கு அங்கு இடமுண்டு.

நன்றிக்கடன், ஊரார் பேச்சு, கணவர் வீட்டாரின் தயக்கம், மறுத்தால் நட்பு முறியுமோ என்ற அச்சம் ஆகியவை எந்தப் படிவத்திலும் பதிவாவதில்லை. எனவே தோழிக்கென, தம்பதியர் இல்லாத இடத்தில், தனியான மனநல ஆலோசனையும் சட்ட ஆலோசனையும் கிடைப்பதை அதிகார அமைப்புகள் உறுதிசெய்ய வேண்டும். ஆவணத்தோடு மெய்ப்பிக்கப்படும் ஊதிய இழப்பை அனுமதிக்கப்பட்ட செலவாகச் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது. ‘விருப்பமுள்ள பெண்’ என்ற சொல்லைச் சட்டத்தில் சேர்த்ததன் பயன், அந்த விருப்பம் அச்சமின்றியும் இழப்பின்றியும் வெளிப்படும்போதுதான் முழுமை பெறும்.